மூர் மேட்டுவெளியில் நாய்: கயிற்றோடா, அவிழ்த்துவிட்டா?

இங்கிலாந்தின் மூர் எனப்படும் புதர் மண்டிய மேட்டுவெளிகளில் நாயை அவிழ்த்துவிட்டால் அதன் சந்தோஷமே தனி, ஹெதர் புதருக்குள் மூக்கை நுழைத்துவிட்டு, காது பின்னால் பறக்க அது ஓடிவரும்போது நமக்கும் மனசு நிறையும். ஆனால் அந்தப் புல்லிலும் புதரடியிலும்தான் கர்லூ, ஆட்காட்டி போன்ற பறவைகள் தரையிலேயே முட்டையிடுகின்றன; நாய் கடிக்கவே வேண்டாம், தாய்ப்பறவை பதறிப் பறந்து நெடுநேரம் திரும்பாவிட்டாலே முட்டை குளிர்ந்துவிடும்.

அதனால்தான் பொது அனுமதியுள்ள திறந்தவெளியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிறு கட்டாயம், கால்நடை பக்கத்தில் இருந்தால் ஆண்டு முழுவதும். கை வலிக்கும்தான், சரி, பரவாயில்லை. மாடுகள் துரத்தினால் மட்டும் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிவிடும்.

மற்ற மாதங்களிலும், கூப்பிட்டதும் வராத நாயை நான் அவிழ்க்கவே மாட்டேன்.