ஐந்து வருடமாக என் பால்கனியில் அஸ்பராகஸ் ஃபெர்ன்

நர்சரிக்காரர் ‘ஃபெர்ன்’ என்று சொல்லித்தான் கொடுத்தார். பெரணி ஆயிற்றே, ஈரம் காயக் கூடாதே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் மஞ்சளாகி, ஊசி ஊசியாகக் கொட்டியது. அப்புறம்தான் தெரிந்தது, இது பெரணியே இல்லை. தென்னாப்பிரிக்கச் செடி. ஹோட்டலில் சூப் வைக்கும் அஸ்பராகஸும் நம் ஊர்த் தண்ணீர்விட்டானும் இதன் பங்காளிகள். பூக்கும், காய்க்கும். இலை மாதிரித் தெரியும் ஊசிகள்கூட உருமாறிய தண்டுகள்தாம்.

என்னிடம் இருப்பது தொங்கும் வகையான ஸ்பிரெங்கேரி. கிழக்குப் பார்த்த பால்கனி. காலை வெயில் இரண்டு மணி நேரம், அதோடு சரி. மேல்மண் காய்ந்தபின்தான் தண்ணீர். ஒரு மே மாதம் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் பாதிச் செடி மொட்டை. மதுரை வெயில்! போய்விட்டது என்றே நினைத்தேன். காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டி, தண்ணீர் ஊற்றி வைத்தேன். சில வாரங்களில் அடியிலிருந்து மெல்லிய குருத்துகள் முளைத்தன. அசல் அஸ்பராகஸ் குருத்தேதான், நூல் கனத்தில்.

பிழைத்ததன் ரகசியம் மூன்றாம் வருடம் மண்தொட்டி விரிசல் விட்டபோது தெரிந்தது. உள்ளே மண்ணைத் தேடத்தான் வேண்டியிருந்தது. வேர் முழுக்க நாவற்பழம் அளவுக்கு வெள்ளைக் கிழங்குகள், எல்லாம் தண்ணீர்ச் சேமிப்பு. கையால் பிரிக்க முடியவில்லை. பழைய கத்தியால் நான்காக அறுத்தேன். நான்கும் பிழைத்தன. உதிர்ந்த கிழங்குகளைத் தனியாக நட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. தண்டும் வேரும் சேரும் அடிக்கட்டை இல்லாவிட்டால் வளராதாம்.

குறைகளும் உண்டு. பஞ்சு மாதிரித் தெரிந்தாலும் தண்டில் குட்டி முட்கள் இருக்கின்றன. கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். கொட்டும் ஊசிகளைப் பெருக்கி மாளாது. சிவப்புப் பழங்கள் அழகுதான், ஆனால் குழந்தைகளும் நாய் பூனைகளும் வாயில் வைக்கக் கூடாது. நான் பழுக்கும் முன்பே கிள்ளிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவிலும் ஃபுளோரிடாவிலும் பறவைகள் இந்தப் பழங்களைத் தின்று விதை பரப்பியே இது களையாகிவிட்டது. அதனால் தரையில் நடும் யோசனையே வேண்டாம்.

போன முறை பிரித்ததில் ஒன்றைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தேன். அது வெடிக்கவில்லை, முட்டை வடிவத்துக்கு உப்பியிருக்கிறது. ஆடி மழை விழுந்ததும் கத்தியை எடுக்க வேண்டும்.