ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களுக்கான இயற்பியல் செய்முறைப் பெட்டி: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கூடவே வருகிற கையேட்டை மட்டும் பையன்கள் கண்ணில் படாமல் பூட்டி வைத்துவிடுங்கள். எந்தச் சோதனைக்கு என்ன விடை வரும் என்று அட்டவணை போட்டே அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பையன் அப்புறம் எதையும் அளக்க மாட்டான், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதிவிடுவான்.

பெட்டியில் நன்றாக இருப்பது தனி ஊசல்தான். நூல், உலோகக் குண்டு, கவ்வி, ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். ஆண்கள் பள்ளியில் ஸ்டாப்வாட்சை வெளியே எடுத்தால் முதலில் நடப்பது அதைப் பிடுங்கும் சண்டை, அது ஓயட்டும். ஒரு மீட்டர் நூலில் 20 அலைவு எண்ணச் சொன்னால் கிட்டத்தட்ட 40 வினாடி வர வேண்டும், எப்படியும் ஒரு குழு 38 என்று வந்து நிற்கும். குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்திருப்பார்கள், அதாவது ஆடியது 19, வகுத்தது 20. அந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுகிற ஜி-யின் (புவியீர்ப்பு முடுக்கத்தின்) மதிப்பு 9.8 வர வேண்டிய இடத்தில் 10.8-ஐத் தாண்டிவிடும். பக்கத்துக் குழுவுக்குச் சரியாக வந்திருக்கும், உடனே 'உன் நூல் சரியில்லை', 'உனக்கு எண்ணத் தெரியவில்லை' என்று வாக்குவாதம் கிளம்பும். அந்தப் பத்து நிமிடம் நான் வாயைத் திறப்பதே இல்லை. சைபரிலிருந்து எண்ண வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள், அப்படிக் கண்டுபிடித்தவன் அதை மறக்கவும் மாட்டான்.

லென்ஸ் பகுதி பரவாயில்லை. 10 சென்டிமீட்டர் குவியத்தூரம், மேஜைக்குப் பொருத்தமான அளவு. பொருளை 20 சென்டிமீட்டரில் வைத்தால் மறுபக்கம் அதே 20-இல் அதே அளவில் தலைகீழாக விழும்போது, பின்வரிசைக்காரர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் லென்ஸ் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். சட்டைத் துணியால் துடைத்தே கீறல் விழ வைத்துவிட்டார்கள்.

சுருள்வில் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. பையன்கள் இருக்கிற எடையை எல்லாம் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்ப்பார்கள் என்பது இதை வடிவமைத்தவருக்குத் தெரியாதா? மீள் எல்லையைத் தாண்டி இழுபட்ட வில் பழைய நீளத்துக்குத் திரும்பவே திரும்பாது. (கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாதீர்கள், மீள் எல்லை என்றால் என்ன என்று காட்ட அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.)

மின்சுற்றுதான் பெரிய ஏமாற்றம். எல்லாமே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள், ஒயரின் முனையைச் சுரண்டி முறுக்குகிற வேலையே கிடையாது. அம்மீட்டருக்கு ஃபியூஸும் இல்லை. அதைத் தவறிப்போய் செல்லுக்கு இணையாக மாட்டினால், அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால், மின்னோட்டம் எகிறி மீட்டரே போய்விடும். இதற்கெல்லாம் மேலாக, ஓம் விதிக்கு (மின்னழுத்தம் ஏறுகிற அதே விகிதத்தில் மின்னோட்டமும் ஏறும் என்பதற்கு) டார்ச் பல்பைக் கொடுத்துவிட்டு நேர்க்கோடு வரும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். இழை சூடாகச் சூடாக மின்தடை ஏறும், வரைபடம் வளையத்தான் செய்யும். ஒழுங்காக ரீடிங் எடுத்த பையன் தன் ரீடிங்தான் தப்பு என்று நினைத்து அழித்து எழுதுகிறான், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஹீட்டரில் வருகிற நிக்ரோம் கம்பி ஒரு துண்டு தனியாக வாங்கிக்கொண்டால் போதும், ரொம்பச் சூடேறாத அளவுக்கு மின்னோட்டம் விட்டால் கோடு நேராக வரும்.

அப்புறம், ஆறு பேருக்கு ஒரு பெட்டி என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இரண்டு பேர் கருவியைப் பிடித்துக்கொள்வார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறவன் தலையில் ரெக்கார்டு எழுதும் வேலை விழும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எழுதுகிறவன் வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பான், குண்டைத் தொடவே மாட்டான். மூன்று பேருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்குங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் வேலையை மாற்றிக் கொடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் சுருள்வில்லும் லென்ஸும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள், கிடைக்காது என்றால் வேறு பெட்டி பார்ப்பது நல்லது.