ஃபயர்பேஸா, சூப்பாபேஸா: வேலூர் வியாபார ஆப்புக்கு எது?

இரண்டுமே ஆப்பின் தகவலை இணையத்தில் சேமித்துவைக்கும் சேவைகள்.

செலவு: ஃபயர்பேஸின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோர் ரீட் கணக்கில் (ஒரு பதிவைப் படித்தால் ஒரு ரீட்) ஓடும், நாளுக்கு 50,000 இலவசம். 500 சரக்குப் பட்டியலை முழுதாக இழுத்தால் 100 முறை திறந்ததுமே தீர்ந்துவிடும். ஒரு தடவைக்கு 20 என்று வரம்பு போட்டே ஆகவேண்டும்.
சூப்பாபேஸில் ரீட் கட்டணமில்லை. இலவச டேட்டாபேஸ் 500 எம்பி. இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் சும்மா கிடந்தால் புராஜெக்டை நிறுத்திவைப்பார்கள்.

சிக்னல்: ஜவ்வாது மலையில் நெட் போனாலும் ஃபயர்ஸ்டோர் போனில் சேமித்துப் பிறகு அனுப்பும்.
சூப்பாபேஸில் அதை நாமே எழுத வேண்டும்.

கணக்கு: ஆம்பூர் தோல் சரக்கு, ரசீது, பாக்கி மூன்றையும் இணைத்துப் பார்க்க சூப்பாபேஸின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்தான் சுகம். ஆர்எல்எஸ் (யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதி) போட மறந்தால் பாக்கிப் பட்டியல் ஊருக்கே தெரிந்துவிடலாம்.

மலையேறும் வசூல் ஆப்புக்கு ஃபயர்பேஸ், மண்டிக் கணக்குக்குச் சூப்பாபேஸ். எதுவானாலும் முதலிலேயே மும்பை ரீஜனை (தகவல் இருக்கும் சர்வரின் இடம்) தேர்ந்தெடுங்கள்; ஃபயர்ஸ்டோரில் பிறகு மாற்ற முடியாது.