பி20 பயோடீசல்: புகை குறையும், ஃபில்டர் மேல் ஒரு கண் வேண்டும்

ஓடிக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சினைப் பிரிக்காமல் புகையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு பி20-ஐ, அதாவது 80 பங்கு டீசலும் 20 பங்கு பயோடீசலும் (தாவர எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்துச் செய்யும் எரிபொருள்) கலந்ததை, தயங்காமல் சொல்லலாம். பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். எஞ்சினுக்குள் பீய்ச்சப்படும் எரிபொருள் ஸ்ப்ரேயில், காற்று சரியாக எட்டாத நடுப்பகுதியிலும் எரிபொருள் எரிந்துவிடுவதால் கரி குறைகிறது. கனரக எஞ்சின்களில் சோயா பயோடீசலுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் தொகுத்த கணக்குப்படி, பி20-இல் புகைத்துகள் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் இறங்குகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் ஏறுகிறது. பம்ப்பிலிருந்து நீண்ட குழாய் வழியாக எரிபொருள் போகும் பழைய பம்ப்–லைன் எஞ்சின்களில் இதற்கு ஒரு காரணம் உண்டு: பயோடீசல் குறைவாக அமுங்கும், அதனால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சற்று முன்னதாகவே திறந்துவிடும். எரிபொருள் பீய்ச்சும் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி தாமதப்படுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும். மைலேஜ் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான்.

தொல்லை வருவது எஞ்சினில் அல்ல, டேங்கில். பயோடீசல் நல்ல கரைப்பான். பல வருஷமாக டேங்கில் ஒட்டியிருந்த பிசினைக் கிளப்பி ஃபில்டருக்குக் கொண்டுவந்துவிடும். ஏற்றத்தில் இழுவை குறைந்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். மாறுவதற்கு முன் டேங்கின் அடித்தண்ணீரை வடித்துவிட்டு, கையில் இரண்டு ஃபில்டர் வைத்திருப்பது நல்லது. பழைய வண்டியின் நைட்ரைல் ஓ-ரிங், ரப்பர் ஹோஸ் காலப்போக்கில் ஊதிக் கசியலாம்; எரிபொருளைத் தாங்கும் வைட்டான் ரப்பர் போட்டால் கவலையில்லை. செம்பு, பித்தளை ஃபிட்டிங்குகள் எரிபொருளைச் சீக்கிரம் கெடுக்கும்.

சரக்கின் தரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வாங்கும் பயோடீசலைக் கலப்பதற்கு முன்பே சோதியுங்கள். 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை ஊற்றிக் குலுக்கி, அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்தால் சரி. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் எண்ணெயைப் பயோடீசலாக்கும் வினை முழுமையாக நடக்கவில்லை, இன்ஜெக்டர் நுனியில் கரி படியும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பற்றும், ஆகவே கையுறை கட்டாயம். நீங்களே கலப்பதானால் டீசலின் மேல் பயோடீசலை ஊற்றுங்கள். கனம் அதிகம் என்பதால் அது இறங்கும்போதே கலக்கும். பாமாயில் பயோடீசல் 15 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே மங்கி உறையத் தொடங்கும், குளிரில் கலக்காதீர்கள்.

பயோடீசலாக மாற்றாத தாவர எண்ணெயை நேரடியாக ஊற்றும் யோசனையை அடியோடு விடுங்கள். அதன் பாகுத்தன்மை டீசலைப் போல் பத்து மடங்கு. ஸ்ப்ரே உடையாது, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். செலவு பொருட்டில்லை என்றால் எச்.வி.ஓ (தாவர எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்துச் செய்யும் டீசல்) பயோடீசலைவிட மேல்: எளிதில் பற்றும் தன்மையைக் காட்டும் சீட்டேன் எண் 70-க்கு மேல், நாள்பட்டாலும் கெடாது, அடர்த்தி மட்டும் குறைவு.

மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்கு பி20 வேண்டாம். காற்றும் ஈரமும் பட்டால் புளித்து, வார்னிஷ் வாடை அடிக்கும். அந்த வாடை வந்த எரிபொருளை எஞ்சினுக்குள் விடாமல் வடித்து அப்புறப்படுத்துங்கள்.