பைத்தான் டியூட்டர்: முதல் செமஸ்டர் லேபுக்கு ஒரு நல்ல துணை

கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை தன் மாணவர்களை இழக்கத் தொடங்குவது முதல் புரோகிராமிங் பாடத்தில்தான். 2007-இல் பென்னட்சன், காஸ்பர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டுக் கல்லூரிகளில் திரட்டிய கணக்கில், அந்தப் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறவில்லை. 'லாஜிக் வரல' என்று அவர்களை ஒதுக்கிவிடுகிறோம். ஒரு வரி ஓடும்போது மெமரியில் என்ன மாறுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

கணினி அறிவியலாளர் பிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம் அதைப் படமாகவே காட்டுகிறது. இலவசம், லாகின் தேவையில்லை. 'ஏ' என்ற லிஸ்டில் 1, 2 வையுங்கள். அடுத்த வரியில் 'பி'-க்கு 'ஏ'-வைக் கொடுங்கள். பிறகு 'பி'-யில் 3-ஐ அப்பெண்ட் செய்யுங்கள், அதாவது கடைசியில் சேருங்கள். இரண்டு பெயர்களிலிருந்தும் கிளம்பும் அம்புகள் ஒரே பெட்டியில் போய் நிற்கும். 3 அந்தப் பெட்டியில்தான் விழும். 'ஏ' ஏன் மாறியது என்று போர்டில் அரை மணி நேரம் சொல்லியும் பிடிபடாதது, இங்கே மூன்று கிளிக்கில் பிடிபட்டுவிடும். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனுக்கும் அப்படியே: ஃபாக்டோரியல் 3 போட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பெட்டியாக ஃபிரேம்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, பிறகு ஒவ்வொன்றாக மறையும்.

நெக்ஸ்ட் பட்டனைத் தட்டிக்கொண்டே போகவிட்டால் மட்டும் எதுவும் மனதில் தங்காது. அடுத்த படியில் எந்த மதிப்பு மாறும் என்று நோட்டில் எழுதிய பிறகே தட்ட வேண்டும். இருவர் இருவராக உட்காரவைத்தால் ஒருவர் சொல்ல, மற்றவர் சரிபார்க்கலாம். நிரல் பத்து வரிக்குள் இருக்கட்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் நிரல் வரிகளின் ஓரத்தில் வரும் அம்புக்குறி. பச்சை இப்போது ஓடி முடிந்த வரி, சிவப்பு இனி ஓடப்போகும் வரி. சிவப்பு வரி ஏற்கெனவே ஓடிவிட்டதாக நினைத்தால் எல்லா மதிப்பும் ஒரு படி தள்ளித் தெரியும். முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. ஆயிரம் படிகளோடு நின்றுவிடும். பெரிய லூப்புக்கு ஆகாது. கணினியில் உள்ள ஃபைலைப் படிக்காது, எண் கணக்குகளுக்கான 'நம்பை' (NumPy) லைப்ரரி ஓடாது. மொபைல் திரையில் படம் நெருக்கிக்கொள்ளும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் பைத்தானும், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுக்கு இரண்டாவதில் சி மொழியும் இருந்தன. இரண்டுக்குமே இது உதவும்: சி-யில் மதிப்பு கொடுக்காத வேரியபிளைக் கேள்விக்குறியோடு காட்டும், மெமரி முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் பற்றிய பாடத்துக்கு இது பெரிய உதவி. நெட் சரியில்லாத லேப் என்றால், எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான 'தோன்னி' (Thonny) என்ற பைத்தான் எடிட்டரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். அம்புப்படம் இந்த அளவுக்கு இருக்காது. படிப்படியாக ஓட்டிப் பார்க்கலாம்.