நாற்பது காலா, தங்கக் காலா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருந்துகொண்டு பழைய கணினி ப்ராசசர்களைச் சேர்க்க நினைப்பவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள்தான். ஒன்று 8085, இசட்80, 8086 போன்ற நாற்பது கால் சிப்கள். நீள உடலின் இருபுறமும் இருபது இருபது கால்களோடு மரவட்டை மாதிரி இருப்பவை. மற்றொன்று 386, 486, பென்டியம் வரிசை. சதுரமான பீங்கான் உடல், அடியில் தங்க முலாம் பூசிய ஊசிக் கால்கள். 1971-இல் வந்த இன்டெல் 4004-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெள்ளைப் பீங்கான் உடலோடு வந்த அந்தப் பதினாறு கால் சிப்பை உலகெங்கும் வசதி படைத்தவர்கள் துரத்துகிறார்கள். நமக்கு அந்தப் போட்டி வேண்டாம்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், அழகையும் விலையையும் நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். கையில் இருக்கும் சிப் இன்னதுதான் என்று பிறரைக் கேட்காமல் நாமே நிறுவ முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

கிடைக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். 8085 பல ஆண்டுகள் பொறியியல், பாலிடெக்னிக் பாடத்திட்டங்களில் இருந்தது. திருச்சி தொடங்கி நாகப்பட்டினம் வரை மைக்ரோப்ராசசர் லேப் வைத்திருந்த கல்லூரிகளில் டிரெயினர் கிட்கள், அதாவது சிப்பைச் செருகி நிரல் எழுதிப் பழகும் பலகைகள், வரிசையாக இருந்தன. அவை கழிக்கப்படும்போது பழைய இரும்புக் கடைக்குத்தான் வரும். பச்சைப் பலகையில் கறுப்புச் சிப். கடைக்காரருக்கு அதில் ஆசையில்லை, எடைக்குத் தருவார்.

386, 486 சிப்கள் வந்த வழி வேறு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் கணினிப் பயிற்சி மையங்களாக மாறிய காலத்தில் வாங்கிய இயந்திரங்கள், கல்யாணப் பத்திரிகை அச்சடித்த டிடிபி கடைகளின் இயந்திரங்கள். ஆனால் இங்கே உங்களுக்குப் போட்டியாளர் சேகரிப்பாளர் அல்லர், தங்கம் பிரிப்பவர். 1995-இல் வந்த பென்டியம் ப்ரோதான் இதில் பரிதாபமான சிப். 387 ஊசிகள், ஒரே பீங்கான் உடலுக்குள் ப்ராசசரும் கேஷ் நினைவகமும் தனித்தனித் துண்டுகளாக, தங்கம் தாராளம். அதனாலேயே அமிலத்துக்குப் போனவை ஏராளம். தங்க விலை ஏற ஏற, இந்த வரிசை உடைந்த நிலையில்கூட மலிவாகக் கிடைப்பதில்லை.

அடையாளம் காண்பதில்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். நாற்பது கால் சிப்பின் முதுகில் பெரும்பாலும் எல்லாமே எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தால். இன்டெல் எண்ணுக்கு முன்னால் சி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் உலோக மூடி வைத்த பீங்கான். டி என்றால் இரண்டு பீங்கான் தகடுகளைக் கண்ணாடியால் ஒட்டிய சாம்பல் நிற உடல். பி என்றால் பிளாஸ்டிக். இதை மனப்பாடம் செய்துகொண்டு ஜப்பானிய நிறுவனமான என்ஈசியின் சிப்பைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர்களுடைய 8085-இல் முன்னால் நிற்கும் டி உடலைக் குறிப்பதே இல்லை. உடலைச் சொல்வது கடைசி எழுத்து. அங்கே சி என்றால் பிளாஸ்டிக், டி என்றால் பீங்கான். சி என்ற எழுத்தில் இன்டெல் வழக்குக்கு நேர் எதிர். ‘அபூர்வ செராமிக்’ என்று விலை சொல்லப்படும் சில சிப்களை நகத்தால் தட்டிப் பார்த்தாலே போதும், பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஆண்டு. 8731 என்று தனியாக நான்கு இலக்கம் இருந்தால் 1987-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். 8048, 8051 போன்ற சிப் எண்களையே தேதி என்று வாசிப்பவர்களும் உண்டு. 8085-ஐ அப்படி வாசிக்க வழியில்லை. ஓர் ஆண்டில் 85 வாரங்கள் இல்லையே! இன்டெல்லின் நீண்ட வரிசை எண்ணில் முதல் எழுத்து ஆலையையும், அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணையும், அதற்கடுத்த இரண்டும் வாரத்தையும் சொல்லும். பதிப்புரிமை வட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள 1978 என்பது சிப் செய்த ஆண்டு அன்று, வடிவமைப்பின் உரிமை ஆண்டு. 8086 வரிசையில் 1980-களின் பிற்பகுதியில் செய்தவையும் அதே 1978-ஐச் சுமந்துகொண்டுதான் வரும். இன்டெல் வடிவமைப்பை வைத்து ஏஎம்டி என்ற வேறு நிறுவனம் செய்த 286-இல் ‘இன்டெல் 1982’ என்றே பொறித்திருக்கும். அதை இன்டெல் தயாரிப்பென்று விற்பவர்களை எல்லாம் மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. இசட்80-க்குத் தேதிக் குறியீடு இன்னும் முக்கியம். 1976-இல் பிறந்த அந்தச் சிப்புக்கு 2024 வரை ஆர்டர் எடுத்தார்கள், ஆகவே பெயரை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்லிவிட முடியாது.

நாற்பது கால் உடலில் நடுவே கண்ணாடி ஜன்னல் தெரிந்தால் அது பெரும்பாலும் 8751 போன்ற மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ப்ராசசரும் நினைவகமும் ஒன்றாக அடங்கிய சிப். புற ஊதா ஒளியில் நிரலை அழிப்பதற்கான ஜன்னல் அது. இருபத்தெட்டுக் காலும் ஜன்னலும் என்றால் ஈப்ராம் நினைவகம். பார்க்க அழகுதான், ஆனால் ப்ராசசர் அன்று.

எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சிட்டிருந்தால்? இந்த இடத்தில் நாற்பது கால் வரிசைக்குக் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். 8085-க்கு ஐந்து வோல்ட் மட்டும் போதும். வேலை செய்யும் டிரெயினர் கிட் ஒன்றில் செருகினால் பதில் கிடைத்துவிடும். ஆனால் இசட்80-ஐ அதில் செருகிவிடாதீர்கள். 8085-க்கு மின்சாரம் வருவது நாற்பதாவது காலில், இசட்80-க்குப் பதினொன்றாவது காலில்.

சதுரச் சிப்களில் முதல் துப்பு ஊசிகளின் எண்ணிக்கை. 386 என்றால் 132, 486 என்றால் 168, 1993-இல் வந்த முதல் பென்டியம் என்றால் 273. அறுபத்தெட்டு ஊசி என்றால் கவனம்: 286-ஆகவும் இருக்கலாம், 387 கணித உதவிச் சிப்பாகவும் இருக்கலாம். இதுவரை எளிது. வேகம் என்ன என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 1990-களில் குறைந்த வேகப் பென்டியத்தின் முகத்தைத் தேய்த்து, கூடுதல் வேகம் அச்சிட்டு விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அடிப்பக்கத்தில் உள்ள எஸ்-ஸ்பெக் எண்ணோடு (சிப்பின் வகையையும் வேகத்தையும் குறிக்கும் இன்டெல் குறியீடு) மேல் எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மேற்பரப்பு மட்டும் வழவழவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். பென்டியத்துக்குப் போட்டியாக வந்த சைரிக்ஸ் 6எக்ஸ்86-இல் உள்ள ‘பி166+’ மெகாஹெர்ட்ஸ் அன்று, பென்டியத்தோடு ஒப்பிட்ட மதிப்பீடு. அந்தச் சிப் ஓடியது 133 மெகாஹெர்ட்ஸில். ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால் அதற்கு மதர்போர்டு வேண்டும். 386, 486 போர்டுகளில் பல, பேட்டரி கசிந்து, செப்புத் தடங்கள் அரித்துச் செத்துவிட்டன.

ஒரே ஒரு விஷயத்தில் பென்டியத்தின் சுவாரசியத்துக்கு ஈடில்லை. 1994-இல் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி வெளிப்படுத்திய வகுத்தல் பிழைதான் அது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும். பிழையுள்ள சிப் 1.3337 என்று சொல்லும். இன்டெல் மாற்றித்தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. மாற்றப்படாமல் தப்பியவற்றை எஸ்-ஸ்பெக் எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம், ஓட்ட வேண்டியதில்லை.

பாதுகாப்பில் தங்கக் கால்களே ஜெயிக்கின்றன. ஐப்பசி கார்த்திகை ஈரத்திலும், வேதாரண்யம் நாகப்பட்டினம் உப்புக் காற்றிலும், இரும்புக் கலவைமேல் வெள்ளீயம் பூசிய நாற்பது கால்கள் துருப்பிடித்து, தொட்டால் ஒடியும். மூடியிறுக்கிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். சிப்போடு வந்த பழைய கறுப்பு நுரையை உடனே எடுத்துவிடுங்கள். அது காலப்போக்கில் பொடிந்து கால்களையே அரிக்கும்.

பென்டியம் 2 போன்ற கார்ட்ரிட்ஜ் வடிவங்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ப்ராசசர் பிளாஸ்டிக் உறைக்குள் ஒளிந்திருக்கும். நீங்கள் சேர்ப்பது ஒரு லேபிளை.

என் தேர்வு நாற்பது கால்தான். 8085 ஒன்றையே எடுத்து இன்டெல், என்ஈசி, சீமென்ஸ், தோஷிபா, ஓக்கி என்று தயாரிப்பாளர் வாரியாகத் தேடினாலே ஒரு டப்பா நிறையும், பர்ஸும் காலியாகாது. ஒரு விதிவிலக்கு உண்டு. 1985-இல் வந்த 386-இன் தொடக்கச் சிப்களில் 32 பிட் பெருக்கலில் கோளாறு இருந்தது. பிறகு சோதித்துத் தேறியவற்றில் கிரேக்க எழுத்தான சிக்மாவை இரட்டையாக அச்சிட்டார்கள்; தேறாதவற்றில் ‘16 பிட் மென்பொருளுக்கு மட்டும்’ என்ற ஆங்கில வரியை அச்சிட்டு அவற்றையும் விற்றார்கள். கடைச் சாக்கில் அந்த வரியுள்ள 386 கண்ணில் பட்டால், கடைக்காரர் தங்க விலையே சொன்னாலும் வாங்கிவிடுங்கள்.