பிசியோதெரபி முதல் நாளுக்கு ஆயத்தம்: பாளையங்கோட்டை மையம் ஒன்றின் மதிப்புரை

என் தாயாருக்கு இடது தோள் இறுகிப்போய், தலை வாருவதற்கும் ரவிக்கை போடுவதற்கும் பிறர் துணை தேவைப்பட்ட நிலையில், எலும்பு மருத்துவரின் பரிந்துரைப்படி பாளையங்கோட்டையில் உள்ள சிறிய பிசியோதெரபி மையம் ஒன்றில் நேரம் கேட்டுப் பதிவு செய்தோம். அங்கு நான் முதலில் பாராட்டுவது, முதல் நாளுக்கு நோயாளியை அவர்கள் ஆயத்தப்படுத்தும் முறையைத்தான்.

பதிவு செய்த அன்றே தொலைபேசியில் அழைத்துப் பொறுமையாக விளக்கினார்கள். எக்ஸ்ரே அறிக்கையோடு ஃபிலிமையும் கொண்டுவர வேண்டும்; அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி வர வேண்டும்; பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், சில மின்சிகிச்சைக் கருவிகள் அதன் இயக்கத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் கேட்டதும், வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்று வலியுறுத்தினார்கள். இறுக்கமான ரவிக்கையோடு வந்தால் தோளைப் பரிசோதிக்க இயலாது என்றதால், சேலை தவிர வேறு உடுத்தாத அம்மாவுக்காகக் கை தளர்ந்த பழைய ரவிக்கை ஒன்றைத் தேடி எடுத்தோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, வலியைப் பற்றி எழுதி வரச் சொன்னதுதான். எந்த நேரத்தில் வலி கூடுகிறது, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா, எந்தெந்த வீட்டு வேலைகளைக் கைவிட நேர்ந்தது என்று கேட்டிருந்தார்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் "பரவாயில்லை, கொஞ்சம்தான் வலிக்கிறது" என்று சொல்லிவிடும் தலைமுறையைச் சேர்ந்தவர் அம்மா. பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதை நிறுத்தி மாதக்கணக்காகிறது என்பதே அந்தத் தாளை நிரப்பும்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

முதல் அமர்வின் பெரும்பகுதி பரிசோதனைக்கே சென்றது. கழுத்து நரம்பின் வலியும் தோளில் தெரியக்கூடும் என்பதால் முதலில் கழுத்தைச் சோதித்தார்கள். பிறகு அம்மாவே கையைத் தூக்கும்போது எவ்வளவு உயர்கிறது, சிகிச்சையாளர் பிடித்துத் தூக்கும்போது எவ்வளவு உயர்கிறது என்று கோணமானியால் தனித்தனியே அளந்தார்கள். தசைநார் கிழிந்திருந்தால், தானாகத் தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் பிறர் தூக்கிவிட முடியும். ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கத்தில் இரண்டுமே தடைப்படும், அதிலும் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக் கையை வெளிப்புறம் திருப்புவது மிகவும் கடினமாக இருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லையே என்ற எங்கள் குழப்பத்துக்கும், இந்நோயில் எக்ஸ்ரே பொதுவாக இயல்பாகவே இருக்கும், வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்யவே அது தேவைப்படுகிறது என்று விடை கிடைத்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுவதையும், முழுமையாகத் தளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். இதற்கு முன் நாங்கள் சென்ற வேறோர் இடத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் உடனே கருவியைப் பொருத்தினார்கள். அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப்பட்டது.

குறைகளும் உண்டு. மையம் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை; முழங்கால் வலியோடு வருபவர்களுக்கு இது கொடுமை. கட்டில்களுக்கு இடையே உள்ள திரை முழுமையாக மறைப்பதில்லை என்பதால், பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்டுத் தருகிறார்கள்; ஊசலாட்டப் பயிற்சியையும் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியையும், அவர்கள் அனுமதியோடு, அம்மாவின் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டோம்.

மாலையில் கூட்டம் மிகுதி என்பதால் முதல் அமர்வுக்குக் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். படியேறவே இயலாத நிலையில் வீட்டோடு இருப்பவர்கள், 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் விசாரிக்கலாம்.